கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள்

ஜூலை 8, செவ்வாய்

மழை. குடையை வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்தேன்.

முதல்வர் அறையிலிருந்து சுற்றறிக்கை. இனிமேல் ஆசிரியர்களெல்லாம் மூன்று மூன்று பேராகக் குழு. வேறு வேறு துறை. ஒருவர் வகுப்பில் மற்றவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டும், பிறகு கூடிப் பேச வேண்டும். 'சக ஆசிரியர் வழிகாட்டுக் குழு' என்று பெயர். என் குழுவில் வேதியியல்காரர் ஒருவர், தாவரவியலுக்குப் போன வருடம் வந்த பெண் ஒருத்தி. வயதில் அவர் மூத்தவர், இந்தக் கல்லூரியில் நான் மூத்தவள். அதனால் ஒருங்கிணைப்பு என் தலையில்.

இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் நடத்துகிறேன். எனக்கு யார் வந்து என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? சரி, அந்தப் பெண்ணுக்காவது ஏதாவது சொல்லிக்கொடுக்கலாம்.

ஜூலை 16, புதன்

முதல் கூட்டம். நூலகத்துக்குப் பின்னால், பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கிவைக்கிற அறை. தூசியில் மூவரும் மாறிமாறித் தும்மினோம்.

வேதியியல்காரருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சோடா. மூடியைத் திறந்தால் பொங்குவார், நிறுத்த முடியாது. அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை வேறு. தாவரவியல் பெண் எதற்கெடுத்தாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள். சோடா பத்தாவது நிமிடத்திலேயே அவளுக்குத் தொட்டாற்சுருங்கி என்று பெயர் சூட்டிவிட்டார். "உங்க பாடத்துலேர்ந்தே எடுத்தேம்மா, கோவிச்சுக்காதீங்க." அவள் சிரித்தாள். சிரிக்கும்போது நன்றாக இருக்கிறாள்.

விதிகளை நான்தான் வாசித்தேன். முக்கியமானது ஒன்று: இந்த அறையில் பேசுவது இந்த அறையோடு. முதல்வரிடமோ துறைத்தலைவரிடமோ போகக் கூடாது.

"நல்ல விதி மேடம். அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது. இன்னொருத்தர்தான் பாத்துச் சொல்லணும்" என்றார் சோடா. "ஆனா ஊரைக் கூட்டிச் சொல்லக் கூடாது."

தொட்டாற்சுருங்கி ஏதோ சொன்னாள். எனக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

அவள் வகுப்பில் உட்கார்ந்தேன். இலை எப்படி மூச்சுவிடுகிறது என்று பாடம். படம் அழகாகப் போடுகிறாள், ஒரே இழுப்பில் இலையின் குறுக்குவெட்டு. கையிலே கலை இருக்கிறது. ஆனால் குரல்! பாதி வாக்கியம் முன்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. இவ்வளவு படித்த பெண், இப்படி வாய்க்குள்ளேயே பேசினால் எப்படி? பாவம், பிள்ளைகள் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். என்னத்தை எழுதினார்களோ.

ஜூலை 30, புதன்

சொன்னேன். இதமாகத்தான் சொன்னேன். முதலில் படத்தைப் பாராட்டினேன். பிறகு, "உங்க குரல் கடைசி வரிசைக்கு வரலைம்மா. அதை மட்டும் சரிபண்ணிட்டா நீங்க எங்கயோ போயிடுவீங்க."

முகம் சட்டென்று விழுந்துவிட்டது. "சத்தமாத்தான் மேடம் பேசறேன்..."

"நமக்கு அப்படித்தான் தோணும். நான் பின்னாடி உக்காந்து பாத்தேனே."

சோடா இன்னும் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதனால் சும்மா இருந்தார். அவர் சும்மா இருந்தது இந்த ஆண்டின் அதிசயம்.

அவள் ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டாள். நல்ல பெண். சொன்னால் கேட்டுக்கொள்கிறாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நடைக்கூடத்தில் முதல்வர் பிடித்துக்கொண்டார். குழு எப்படிப் போகிறது, ஒத்துழைக்கிறார்களா என்று பொதுவாகக் கேட்டார். அப்புறம், போகிற போக்கில்: "அந்தத் தாவரவியல் பொண்ணு எப்படி மேடம்? செப்டம்பர்ல ஒப்பந்தம் புதுப்பிக்கணும்."

"நல்ல பொண்ணு. உழைப்பாளி. குரல்தான் கொஞ்சம் பத்தாது, பின்வரிசைக்குப் போகலை" என்றேன்.

படியிறங்கும்போதுதான் விதி நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தைதானே. நல்லதாக இரண்டு சொல்லிவிட்டுத்தானே அதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகளோடு சண்டை. டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள், குறைத்தால் எனக்கு ஒன்றும் புரிவதில்லை. "அம்மா, உங்களுக்கு ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கு!" இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாயைத் திறந்து பேசினால்தானே. எல்லாம் முணுமுணுப்பு.

ஆகஸ்ட் 13, புதன்

கூட்டத்துக்குத் தொட்டாற்சுருங்கி கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். குரலே இல்லை, வெறும் காற்று. இரண்டு வாரமாக வகுப்பில் கத்திக் கத்திப் பாடம் நடத்தியிருக்கிறாள். தொண்டை வீங்கிவிட்டது. ஒரு வாரம் பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

சோடா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போன வாரம் நான் போய் உக்காந்தேன் மேடம். ஏன் இப்படிக் கத்தறாங்கன்னு எனக்கே ஆச்சரியம். பக்கத்துல இருந்த பையன்கிட்ட, இதுக்கு முன்னாடி இவங்க பேசறது கேட்காதாப்பான்னு விசாரிச்சேன். 'முன்னாடியும் நல்லாத்தான் சார் கேட்டுச்சு'ன்னான்."

"பசங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"இருக்கலாம்" என்றார் சோடா. உடனே பேச்சை மாற்றினார். அடுத்து என் வகுப்புக்கு இரண்டு பேரும் வரலாமா என்று கேட்டார். தாராளமாக வாருங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வந்தார்கள். தொடர்ச்சிச் சார்புகள் நடத்தினேன். போர்டின் இடது மூலையில் தொடங்கி, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், வலது மூலையில் நிறுவிமுடித்தேன். மணி அடித்தது. இதைவிடச் சுத்தமாக ஒரு வகுப்பை நடத்த முடியாது. வெளியே வரும்போது சோடா, "எழுத்து முத்து முத்தா இருக்கு மேடம்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 27, புதன்

எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

இரண்டு பேரும் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க என்று. கடைசியில் அந்தப் பெண்தான் பேசினாள். குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் குனியவில்லை.

"மேடம், நீங்க போர்டுல எழுதும்போது மூணு தடவை கேள்வி கேட்டாங்க. நீங்க திரும்பவே இல்லை."

"யாரும் கேட்கலையே."

"மூணாவது வரிசைப் பொண்ணு ரெண்டு தடவை கேட்டா மேடம். அப்புறம் ஒரு பையன். அப்புறம் அவங்களே அவங்களுக்குள்ள பேசிக்கிட்டாங்க. நான் அவங்ககிட்ட கேட்டேன். 'மேடம் பதில் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்குக் கேள்வி கேட்டா பிடிக்காது'ன்னாங்க."

கேள்வி கேட்டா பிடிக்காதாம். எனக்கு! எனக்கா? யாருமே கேள்வி கேக்கறதில்லையேன்னு வருஷக்கணக்கா நான்தானே புலம்பிட்டிருக்கேன்?

நான் என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. என்னவோ, வந்து ஒரு வருடம் ஆகவில்லை அதற்குள் என்று... நல்ல வார்த்தையாக இருக்காது. சோடா சமாதானத்துக்கு வந்தார். "விடுங்க மேடம், நாம கத்தறதும் அவங்களுக்கு அப்படித்தானே, செவிடன் காதுல ஊதின..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

அந்த நிறுத்தம்தான். அவர் சொல்லி முடித்திருந்தால் அது வெறும் பழமொழி. நிறுத்தினதால் மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது, என்ன நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போர்டில் எழுதிக்கொண்டே நாலு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு தடவை ஒரு வாய் அசைந்துகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 30, சனி

வீட்டுக்காரர் இன்று வேலைக்குப் போகவில்லை. இந்த வாரம் முழுக்க ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு, இடுப்பு வலி என்று படுத்திருந்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பினால் வாசற்படியில் நிற்கிறார்.

"எப்ப வந்தீங்க?"

"மூணு தடவை கூப்பிட்டேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். இவர் என்னிடம் எதையும் பக்கத்து அறையிலிருந்து சொல்வதில்லை. எழுந்து வந்து, முன்னால் நின்று, என் முகம் திரும்பின பிறகுதான் பேசுகிறார். எப்போதிலிருந்து? நான் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை.

"எனக்குக் காது கேட்கலையா?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. நீதான் காதுல வாங்கிக்கலை."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. மகள் ஓடிவந்து, யார் யாரை அடித்தது என்கிற மாதிரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

செப்டம்பர் 4, வியாழன்

காது பரிசோதனை. கண்ணாடி ஜன்னல் வைத்த குட்டி அறை, கதவைச் சாத்தினால் உலகமே இல்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கருவி நின்றுவிட்டது என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பரிசோதிக்கிற பெண் எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் அனுப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வரைபடத்தைக் காட்டினாள். எனக்கு வரைபடம் படிக்கச் சொல்லித்தர வேண்டுமா? கோடு பாதிவரை சமமாக வந்து, அப்புறம் மலைச்சரிவு. இரண்டு காதுக்கும்.

"ஆழமான குரல் பக்கத்துல இருந்தா உங்களுக்குக் கேட்கும். மெல்லிசான குரல்தான் முதல்ல நழுவும். பெண்கள் குரல், குழந்தைங்க குரல். ச, த மாதிரி எழுத்துங்க பாதி விழாது. முகத்தைப் பாத்தா நீங்களே உதட்டை வெச்சு நிரப்பிக்கறீங்க, அதான் இவ்வளவு நாள் தெரியலை."

சோடாவின் குரல் கேட்கிறது. மகளின் குரல் கேட்கவில்லை. மூணாவது வரிசைப் பெண் கேட்கவில்லை.

அந்தத் தாவரவியல் பெண்ணின் குரலுக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் காதில். என் பேச்சைக் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தினாளே.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் அறையில் சோடா. பொங்கவில்லை, வடிந்துபோயிருந்தார்.

"நம்ம பொண்ணுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கலையாம் மேடம். இந்த மாசக் கடைசியோட சரி. பாடம் நல்லா இருக்கு, ஆனா பின்வரிசைக்குக் குரல் போகலைன்னு யாரோ முதல்வர்கிட்ட சொல்லியிருக்காங்க."

"யாராம்?"

கேட்டேனே! யாராம் என்று கேட்டேனே!

"தெரியலை" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இரண்டு நாளாக மனதுக்குள் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையால்தான் போயிற்று என்று என்ன நிச்சயம்? பணியிடங்களைக் குறைக்கிறார்கள் என்கிற பேச்சும் இருந்ததே. என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தக் கழுத்துத் துணி.

சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். என் காதைச் சொல்லாமல் அவள் குரலைக் காப்பாற்ற முடியாது. அடுத்த வருடம் துறைத்தலைவர் பொறுப்பு எனக்கு வரும் என்று பேச்சு. காது கேட்காதவளுக்கா கொடுப்பார்கள்? பட்ட வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டு, தேர்வுப் பிரிவில் ஒரு மேசையைப் போட்டு உட்கார வைத்துவிட்டால்? பாடம் நடத்தாமல் நான் யார்?

இவரிடம் சொன்னேன். யோசனை சொல்வார் என்று பார்த்தால், "நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். எப்பன்னுதான் தெரியலை" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

செப்டம்பர் 8, திங்கள்

முதல்வர் அறை. வரைபடத்தை மேசைமேல் வைத்தேன்.

"என்ன மேடம் இது?"

"என் காது. தாவரவியல் பொண்ணோட குரலைப் பத்தி உங்ககிட்ட நான் சொன்னது தப்பு. அவங்க குரல் சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் அந்த மாதிரிக் குரல் கேட்காது. வேதியியல் சார் உக்காந்து பாத்திருக்கார், அவர்கிட்ட கேளுங்க. மாணவர்கள்கிட்ட கேளுங்க. நீங்களே போய் உக்காருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "குழுவுல பேசறது வெளிய வரக் கூடாதுன்னு விதி இருக்கே மேடம்."

"ஆமா. மீறினது நான். ஆனா சார், நடைக்கூடத்துல வெச்சு நீங்களும் கேட்டிருக்கக் கூடாது."

இவ்வளவு வருடத்தில் ஒரு முதல்வரிடம் இப்படிப் பேசியதில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அல்லது சொல்லி எனக்குக் கேட்கவில்லையோ என்று அவர் உதட்டையே பார்த்தேன். இல்லை, சும்மாதான் இருந்தார்.

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றார் கடைசியில். நியமனக் குழு முன் மறுபடி வைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு தயங்கி, "உங்க வகுப்புக்கு என்ன ஏற்பாடு பண்றது?"

"கருவி வாங்கப் போறேன். அதுக்கு மேல என்ன வேணுங்கறதை எங்க குழு சொல்லும். குழு மிச்சம் இருந்தா."



செப்டம்பர் 10, புதன்

அவளிடமும் சொன்னேன். தூசி அறையில், சோடா முன்னிலையில். வழவழவென்று பேசக் கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன், அப்படியும் வழவழத்தேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். "முதல்வர்கிட்ட சொன்னது நீங்களா மேடம்?"

"நான்தான்."

"எனக்கே என் குரல்மேல நம்பிக்கை போச்சு. வீட்டுல ஃபோன் பேசும்போதுகூட, கேட்குதா கேட்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்." குரல் உயரவில்லை. "நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன். அதான் மேடம்."

எழுந்து போய்விட்டாள். சோடா வெகுநேரம் ஒரு விடைத்தாள் கட்டின் நூலைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "தொட்டவுடனே சுருங்கிடும் மேடம். விரியறது மெதுவாத்தான்" என்றார்.

செப்டம்பர் 17, புதன்

அவள் வரவில்லை. நானும் சோடாவும் மட்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தும்மினோம்.

செப்டம்பர் 24, புதன்

காலை வகுப்பில் திரும்பினால் கடைசி வரிசையில் அவள். ஒரு வணக்கம்கூட இல்லை. நான் தடுமாறி ஒரு குறியை மாற்றிப் போட்டேன். மாணவர்கள் திருத்தினார்கள். திருத்தியது எனக்குக் கேட்கவில்லை, அவள் கையை உயர்த்திக் காட்டினாள்.

மதியம் தூசி அறைக்கும் வந்தாள். உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒப்பித்தாள்: "போர்டைப் பாத்துப் பேசாதீங்க, எழுதி முடிச்சுத் திரும்பிப் பேசுங்க. கேள்வி கேக்கறவங்க எழுந்து நிக்கட்டும். நீங்க இடது பக்கமே நிக்கறீங்க, நடுவுல நின்னா எல்லா முகமும் தெரியும். முகம் தெரிஞ்சா உங்களுக்கு முக்கால்வாசி புரியுது, நான் கவனிச்சேன். அப்புறம், பசங்ககிட்ட சொல்லிடுங்க மேடம். சொல்லலைன்னா அவங்க வேற மாதிரிதான் நினைப்பாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் என் பாடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிக உபயோகமான பேச்சு. கொஞ்சம்கூட இனிப்பு தடவாமல்.

கதவருகே போய்த் திரும்பினாள். "ஒரு வருஷம் குடுத்திருக்காங்க."

"முதல்வர் வந்து உக்காந்தாரா?" என்று கேட்டார் சோடா.

"உக்காந்தார். தூங்கிட்டார்."

"அப்ப குரல் இதமாத்தான் இருந்திருக்கு!"

அவள் சிரித்தாள். அவரைப் பார்த்துத்தான். போதும்.

அக்டோபர் 7, செவ்வாய்

காதில் கருவி. உலகம் இவ்வளவு இரைச்சலா? சாக்பீஸ் கீச்சிடுகிறது. மின்விசிறி முனகுகிறது. என் செருப்பு எனக்கு முன்னாலேயே வகுப்புக்குள் நுழைகிறது. சோடா நேரில் பேசினால் கருவியைக் கழற்றிவிடலாம் போலிருக்கிறது.

வகுப்பில் சொன்னேன். தலைமுடியை ஒதுக்கிக் காட்டினேன். "எனக்குக் காது மந்தம். இனிமே கேள்வி கேக்கறவங்க எழுந்து நின்னு கேளுங்க. பதில் வரலைன்னா மறுபடியும் கேளுங்க."

ஒரு பையன் எழுந்தான். "அப்ப மேடம், இத்தனை நாள் நாங்க கேட்டதெல்லாம்?"

"ஒண்ணுகூட கேட்கலைப்பா."

"கமெண்ட் அடிச்சதும்?"

வகுப்பே வெடித்தது. எனக்கு எல்லாச் சிரிப்பும் தனித்தனியாகக் கேட்டது.

நவம்பர் 20, வியாழன்

நேற்று, சார்பு வரைபடம் முனையாக மடங்கும் இடத்தில் வகையிட முடியாது என்று நடத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து நின்றாள். "எங்கயுமே விட்டுப்போகாம, ஆனா எல்லாப் புள்ளியிலயும் முனையாவே இருக்கற மாதிரி ஒரு கோடு இருக்க முடியுமா மேடம்?"

போர்டைத் துடைத்துவிட்டேன். இருக்கிறது. அது பாடத்திட்டத்தில் இல்லை. நான் படிக்கும்போது எனக்கு அது ஆசிரியர் சொல்லித் தெரிந்தது, நானாகக் கேட்கத் தோன்றவில்லை. நேற்று முழு வகுப்பும் அதில் போயிற்று, இன்றும் போயிற்று, இன்னும் பாதிதான் கட்டியிருக்கிறோம். ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

கேள்விகளுக்கு நின்று நின்று, பாடத்திட்டத்தில் இரண்டு அத்தியாயம் பின்தங்கியிருக்கிறேன். எனக்கு இது முதல் தடவை. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. ஆசிரியர் அறையில் அதை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தேன்.

தாவரவியல் பெண் எட்டிப் பார்த்துப் படித்தாள். தன் கால அட்டவணையை எடுத்து, பென்சிலால் ஒரு கட்டத்தைச் சுற்றி என் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை மூணாவது மணி உங்க பசங்களுக்கு நான்தான் சுற்றுச்சூழல் எடுக்கறேன். ரெண்டு வாரத்துக்கு நீங்க எடுத்துக்கோங்க மேடம்" என்றாள், அவளுடைய சாதாரணக் குரலில். "நானும் பின்னாடி வந்து உக்காந்துக்கறேன். அந்தக் கோடு எனக்கும் புரியலை."